ஏவுதளத்தில் காத்திருத்தல்

மதிப்பிற்குரிய ஐயா,

கெர்பல் ஸ்பேஸ் புரோகிராம் என்ற ராக்கெட் ஏவும் கணினி விளையாட்டில், 45 டிகிரி சாய்வுள்ள தாழ்ந்த சுற்றுப்பாதையில் ஒரு செயற்கைக்கோளை நிறுத்தும் ஒப்பந்தத்தை எடுத்திருக்கிறேன். நேவ்பாலில் (வடக்கிலிருந்து வலமாகத் திசையைக் காட்டும் உருண்டையில்) 45 டிகிரித் திசையை விடாமல் பிடித்துக்கொண்டு ஏறினாலும் ஒவ்வொரு முறையும் சாய்வு 42-இல்தான் போய் நிற்கிறது. ஒருமுறை போராடி 45.0 கொண்டுவந்தேன், அப்போதும் ஒப்பந்தம் நிறைவேறவில்லை. இது விளையாட்டின் பிழையா? முதலில் நிலநடுக்கோட்டின் மேலேயே சுற்ற விட்டு, பிறகு திருப்பிக்கொள்வதுதான் எளிது என்கிறான் நண்பன். ராக்கெட்டைத் தானே ஓட்டும் மெக்ஜெப் என்ற துணைநிரலைப் போட்டுக்கொண்டால் தீருமா? இந்த வயதில் இதற்காக இரவெல்லாம் விழித்திருக்கிறேன் என்று வீட்டில் சிரிக்கிறார்கள்.

எஸ்.

அன்புள்ள எஸ்.,

சிரிப்பவர்கள் சிரிக்கட்டும். மெக்ஜெப்பைப் போடுவதும் விடுவதும் உங்கள் விருப்பம். நான் உடனே பதில் எழுத உட்கார்ந்தது, 45.0 வந்தும் ஒப்பந்தம் நிறைவேறவில்லை என்று நீங்கள் போகிறபோக்கில் எழுதிவிட்டுக் கடந்துபோன அந்த ஒரு வரிக்காக. சில நாட்களாக என் மனத்திலும் அதுவே ஓடிக்கொண்டிருந்தது.

முதலில் அந்த 42-ஐ முடித்துவிடுவோம். ஏவுதளத்தில் அசையாமல் நிற்கும்போதே உங்கள் ராக்கெட்டை, விளையாட்டின் கோளான கெர்பின் விநாடிக்கு சுமார் 175 மீட்டர் வேகத்தில் கிழக்கே கொண்டுபோய்க்கொண்டிருக்கிறது. நீங்கள் வடகிழக்கே சரிபாதியாகத் தள்ளும்போது இந்த இலவச வேகமும் கிழக்குப் பக்கம் சேர்ந்துகொள்வதால் பாதை கிழக்கே சரிந்து 42-க்கு இறங்குகிறது. 80 கிலோமீட்டர் உயரத்தில் தேவைப்படும் வேகம் விநாடிக்கு சுமார் 2,280 மீட்டர். அதன் கிழக்குக் கூறு 1,612. அதில் 175-ஐக் கழித்துவிட்டு மிச்சத்தை மட்டும் நீங்கள் கொடுத்தால் போதும் என்று கணக்கிட்டால், பிடிக்க வேண்டிய திசை 41.7 டிகிரி என்று வரும். துருவப் பாதைக்கும் இதே கணக்குத்தான்: நேர் வடக்கே போனால் 90 கிடைக்காது, 355.6-ஐப் பிடிக்க வேண்டும். விளையாட்டில் பிழை எதுவும் இல்லை.

இனி அந்த வரிக்கு வருகிறேன். சாய்வு என்பது பாதையின் தளம் எவ்வளவு சரிந்திருக்கிறது என்பதை மட்டுமே சொல்லும். எந்தப் பக்கம் சரிந்திருக்கிறது என்பதைச் சொல்லாது. அதைச் சொல்வது ஏறுகணு, அதாவது பாதை நிலநடுக்கோட்டைத் தெற்கிலிருந்து வடக்காகக் கடக்கும் இடம். ஒப்பந்தத்தில் சாய்வுக்குப் பக்கத்திலேயே அதன் தீர்க்கக்கோடும் கொடுக்கப்பட்டிருக்கும். நீங்கள் அதைப் படிக்கவில்லை. படித்திருந்தால் இந்தக் கடிதமே வந்திருக்காது.

எனக்கு வானியல் சொல்லித்தந்த ஆசிரியர் இதற்குச் சூத்திரம் எதையும் எழுதிப்போட மாட்டார். துணியில் பூவேலை செய்யப் பயன்படும் பெரிய மர வளையம் ஒன்றை வைத்திருந்தார். உலக உருண்டையின் நிலநடுக்கோட்டில் சாக்பீஸால் ஒரு புள்ளி வைத்து, வளையத்தை உருண்டையைச் சுற்றிச் சாய்வாகப் பிடித்துக்கொண்டு, எங்களில் ஒருவரை உருண்டையை மெல்லச் சுழற்றச் சொல்வார். புள்ளி வளையத்துக்கு அடியில் ஒருமுறை நுழையும், பாதிச் சுற்றுக்குப் பிறகு எதிர்ப்பக்கத்தில் இன்னொருமுறை நுழையும். "வளையம் நகர்ந்ததா?" என்று கேட்பார். நகர்ந்தது என்று எவனாவது சொல்லிவிட்டால், ஒரு வார்த்தை பேசாமல் புள்ளியைத் துடைத்துவிட்டு மறுபடி முதலிலிருந்து தொடங்குவார். எங்களுக்குக் கை வலிக்கும். அவருக்கு வலித்து நான் பார்த்ததில்லை. (உண்மையான பூமி நடுவில் பருத்திருப்பதால் வளையமும் மெல்ல நகரத்தான் செய்யும், சர்வதேச விண்வெளி நிலையத்தின் தளம் நாளொன்றுக்கு சுமார் 5 டிகிரி மேற்கே நகர்கிறது. உங்கள் விளையாட்டில் அந்தச் சிக்கலும் கிடையாது.)

நீங்கள் அந்தச் சாக்பீஸ் புள்ளியில்தான் நிற்கிறீர்கள். கெர்பினின் நாள் ஆறு மணி நேரம். அதில் இரண்டே இரண்டு தடவைதான் ஏவுதளம் ஒப்பந்தப் பாதையின் தளத்துக்கு அடியில் வருகிறது. அரை மணி நேரம் பிந்திக் கிளம்பினால் கணு 30 டிகிரி விலகிவிடும்; சாய்வு துல்லியமாக 45 என்று காட்டும்போதே இரு தளங்களுக்கும் இடையே 21 டிகிரி இருக்கும்; அதைச் சரிசெய்ய விநாடிக்கு 835 மீட்டர் வேகமாற்றம் செலவாகும். ஏறக்குறைய அதே செலவில் 'முன்' என்னும் கெர்பினின் நிலாவுக்கே கிளம்பிவிடலாம். ஒன்றரை மணி பிந்தினால் இடைவெளி 60 டிகிரி, செலவு 2,280 மீட்டர். நீங்கள் பாடுபட்டுச் சேர்த்த வேகம் முழுவதற்கும் சமம். மூன்று மணி பிந்தினால் இரண்டும் 45 டிகிரிப் பாதைகளாகவே இருந்துகொண்டு ஒன்றுக்கொன்று செங்குத்தாக நிற்கும். இவ்வளவையும் தவிர்க்க நீங்கள் செய்ய வேண்டியது ஏவுதளத்தில் சும்மா நிற்பது; அதுவும் மூன்று மணி நேரத்தை டைம் வார்ப்பில் சில விநாடிகளாகச் சுருக்கிக்கொண்டு நிற்பது. அதற்குக்கூடப் பொறுமை இல்லாதவர் இரவெல்லாம் விழித்திருந்து என்ன பயன்?

உண்மையில் ஏவுகிறவர்களுக்கு அந்த வார்ப்பும் கிடையாது. 2020 மே 27 அன்று விண்வெளி நிலையத்துக்கு இரண்டு வீரர்கள் கிளம்ப இருந்த க்ரூ டிராகன் விண்கலத்தின் ஏவல், வானிலை சரியில்லாததால் 17 நிமிடங்களுக்கும் குறைவாக இருக்கும்போது நிறுத்தப்பட்டது. வானம் தெளியும் வரை கொஞ்சம் பொறுத்துவிட்டு ஏவ முடியாது. ஏவுதளம் அதற்குள் பாதையின் தளத்தைத் தாண்டிப் போய்விடும். மே 30-இல்தான் கிளம்பினார்கள்.

ஆகவே மேப்பைத் திறந்து, ஒப்பந்தப் பாதை ஒற்றைக் கோடாகத் தெரியும் வரை பார்வையைத் திருப்பிக்கொண்டு, ஏவுதளம் அந்தக் கோட்டை நெருங்கும்போது, ஏறுவதற்கு ஆகும் நேரத்தைக் கணக்கில் கொண்டு சற்று முன்பே கிளம்புங்கள். அது ஏறுகணுப் பக்கம் என்றால் 41.7, இறங்குகணுப் பக்கம் (பாதை வடக்கிலிருந்து தெற்கே கடக்கும் இடம்) என்றால் தென்கிழக்கே 138.3. கடைசியில் மிஞ்சும் ஓரிரு டிகிரியைக் கணுவில் வைத்துத் திருத்திக்கொள்ளலாம்.

உங்கள் நண்பரின் யோசனையை விட்டுவிட்டேன். நேர்கிழக்கே ஏவுவதைவிட நேராக 45-க்கு ஏவுவதற்கு ஆகும் கூடுதல் செலவு விநாடிக்கு சுமார் 54 மீட்டர். அவர் சொல்வதுபோல் மேலே போய் அங்கே திருப்பினால் 1,745 மீட்டர். அவருடைய ராக்கெட்டுக்கு எரிபொருள் போடுவது நீங்கள் அல்லவே?