சி ஷிப்டும் ஏழு டீயும்

அன்புள்ள ஐயா,

எனக்கு 43 வயது. கடலூர் சிப்காட்டில் ஒரு ரசாயனத் தொழிற்சாலையில் ஆபரேட்டர். வாரத்துக்கு ஒரு ஷிப்ட். இந்த வாரம் சி (இரவு 10 முதல் காலை 6), அடுத்த வாரம் பி (மதியம் 2 முதல் இரவு 10), அதற்கடுத்த வாரம் ஏ (காலை 6 முதல் மதியம் 2). பதினோரு வருடமாக இப்படித்தான் ஓடுகிறது. முன்பெல்லாம் சாய்ந்த இடத்தில் தூங்கிவிடுவேன். இரண்டு வருடமாக அது போய்விட்டது.

சி ஷிப்ட் முடிந்து வீடு வர 7 மணி. குளித்து, காபி குடித்து, பேப்பர் பார்த்து, பையனைப் பள்ளியில் விட்டு வந்து படுக்க 9.30 ஆகிவிடும். மாடி வீடு. 12.30, 1 மணிக்குப் புழுக்கத்தில் விழிப்பு வந்தால் அவ்வளவுதான். ஏ ஷிப்ட் வாரத்திலும் ராத்திரி 12 வரை புரண்டுகொண்டு கிடக்கிறேன். நாள் முழுக்க அசதி. டீ மட்டும் ஏழெட்டு ஆகிறது. மெடிக்கல் ஷாப்பில் ஒரு தூக்க மாத்திரை கொடுத்தார்கள். முதலில் பாதி, இப்போது முழுசு, நாலு மாதமாகிறது. பி12 குறைவாக இருக்கும் என்று நண்பர் சொல்லி ஐந்து ஊசியும் போட்டுக்கொண்டேன். நான் குறட்டை விடுவதாகவும், நடுவில் மூச்சு நின்று திணறி எழுவதுபோல் இருப்பதாகவும் மனைவி சொல்கிறார். போன மாதம் பைக்கில் திரும்பும்போது ஒரு நொடி கண் சொருகி மீடியனில் ஏறப் பார்த்தேன்.

இது உடம்புக் கோளாறா, வேலைக் கோளாறா? தெம்புக்கு எதைச் சாப்பிடலாம்?

பெயர் வேண்டாம்,
திருப்பாதிரிப்புலியூர்

*

அன்புள்ள நண்பருக்கு,

டானிக்கை ஓரமாக வைப்போம். உங்கள் கடிதத்தில் முக்கியமான வரி உங்களுடையதே இல்லை, உங்கள் மனைவி சொன்னது. குறட்டை நடுவில் மூச்சு நிற்கிறது என்கிறார். அங்கிருந்துதான் ஆரம்பிக்க வேண்டும்.

தூங்கும்போது தொண்டைத் தசை தளர்கிறது. சிலருக்கு நாக்கின் அடிப்பகுதி பின்னால் சரிந்து மூச்சுப் பாதையை மூடிவிடுகிறது. நெஞ்சு ஏறி இறங்கும், காற்று உள்ளே போகாது. ரத்தத்தில் ஆக்சிஜன் இறங்கியதும் மூளை பதறி இரண்டு மூன்று நொடி விழித்துக்கொள்ளும். ஒரு திணறல், பெரிய குறட்டை, மறுபடி தூக்கம். இந்தக் குட்டி விழிப்புகள் காலையில் ஞாபகத்தில் இருக்காது. 10 நொடிக்கு மேல் அடைத்தால் ஒரு தடவை என்று கணக்கு. மணிக்கு 5 முதல் 14 தடவை என்றால் லேசானது, 15 முதல் 29 நடுத்தரம், 30-ஐத் தொட்டால் கடுமை. முப்பது என்றால் இரண்டு நிமிடத்துக்கு ஒரு முறை யாரோ தோளைத் தட்டி எழுப்புகிற மாதிரி. அப்படி எட்டு மணி நேரம் படுத்திருந்தாலும் எழும்போது அடித்துப் போட்ட மாதிரிதான் இருக்கும். ஷிப்டே இல்லாத ஆளுக்கும் இதேதான்.

மனைவியிடம் ஒரு உதவி கேளுங்கள். நீங்கள் மல்லாந்து அசந்து தூங்கும்போது, மார்பும் முகமும் தெரியும்படி பக்கவாட்டிலிருந்து போனில் மூன்று நிமிடம் வீடியோ எடுக்கட்டும். மூச்சு நின்றதிலிருந்து மறுபடி வரும் வரை எத்தனை நொடி என்று எண்ணட்டும். காலையில் தலைவலி, வாய் உலர்ந்துபோவது, ராத்திரியில் இரண்டு மூன்று முறை சிறுநீருக்கு எழுவது, பி.பி. கூடியிருப்பது, சட்டைக் காலர் அளவு 16 அங்குலத்தைத் தாண்டியிருப்பது, இவற்றில் எது இருந்தாலும் குறித்துக்கொள்ளுங்கள். வீடியோவோடு நுரையீரல் மருத்துவரையோ காது மூக்கு தொண்டை மருத்துவரையோ பாருங்கள். ஈ.எஸ்.ஐ. கார்டு இருந்தால் அங்கே காட்டிப் பரிந்துரைக் கடிதம் வாங்கலாம். பாண்டியில் ஜிப்மரின் நுரையீரல் பிரிவும் எட்டும் தூரம்தான். தூக்கப் பரிசோதனை என்பது ஒரு ராத்திரி விரலிலும் மூக்கிலும் மார்பிலும் சென்சார் ஒட்டித் தூங்க வைத்துப் பார்ப்பது. சி ஷிப்ட் வாரத்தில் அதற்குப் போகாதீர்கள், கணக்கு தப்பாக வரும்.

அடைப்பு இருப்பது உறுதியானால் சி-பேப் கருவி தருவார்கள். ஆக்சிஜன் வைப்பதாக நினைத்துப் பலர் பயப்படுகிறார்கள். சாதாரணக் காற்றைத்தான் லேசான அழுத்தத்தில் மாஸ்க் வழியாக அனுப்புகிறது. காற்றடித்த டியூப் சப்பையாகாமல் நிற்பதுபோல் தொண்டை திறந்தே நிற்கும். எடை குறைப்பதும் ஒருக்களித்துப் படுப்பதும் கூடவே நடக்க வேண்டும்.

இப்போது அந்த மாத்திரை. அட்டையைத் திருப்பிப் பெயரைப் படியுங்கள். 'ஸோலாம்' என்றோ 'ஸெபாம்' என்றோ முடிந்தால் அது தொண்டைத் தசையை இன்னும் தளர்த்துகிற வகை. மூச்சு அடைக்கிறவர் அதைப் போடுவது, ஒட்டியிருக்கும் கதவை வெளியே தாழ்போடுவது மாதிரி. இந்த வகையைச் சேர்ந்த அல்பிரஸோலாம் டாக்டர் சீட்டு இல்லாமல் கொடுக்கவே கூடாத மருந்து; அதுதான் என்றால் கடைக்காரர் கொடுத்தது தப்பு. ஆனால் இதைப் படித்துவிட்டு இன்று ராத்திரியே நிறுத்திவிடாதீர்கள். நாலு மாதம் போட்டதைச் சட்டென்று விட்டால் இருந்த தூக்கமும் போய், கை நடுங்கி, சிலருக்கு வலிப்புகூட வரும். டாக்டர் சொல்கிறபடி வாரக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் இறக்க வேண்டும். கடையில் கொடுத்தது அலர்ஜி மாத்திரையாக இருந்தால் கதை வேறு. அதன் மந்தம் மறுநாளும் தொடரும், உங்கள் பகல் அசதியில் அதற்கும் பங்கு உண்டு. நீங்கள் குடிப்பதாக எழுதவில்லை, இருந்தாலும் சொல்லிவிடுகிறேன். ஆல்பேட்டை செக்போஸ்ட் தாண்டினால் கிடைக்கும் பாண்டிச் சரக்கைப் 'பகல் தூக்கத்துக்கு ஒரு கட்டிங்' என்று எடுப்பவர்கள் ஷிப்ட் ஆட்களில் உண்டு. முதல் இரண்டு மணி நேரம் அடித்துப் போடும். பிறகு தூக்கத்தைத் துண்டு துண்டாக்கும், தொண்டையையும் தளர்த்தும்.

அடுத்து ஷிப்ட். கண்ணுக்குப் பின்னால் மூளையில் சுமார் இருபதாயிரம் செல்கள் சேர்ந்த ஒரு கடிகாரம் இருக்கிறது. அதைத் திருப்பி வைப்பது வெளிச்சம். இந்தக் கடிகாரம் செல்லுக்குள் எப்படி ஓடுகிறது என்று கண்டுபிடித்த மூவருக்கு 2017-இல் மருத்துவ நோபல் கொடுத்தார்கள். கம்பெனி வாரா வாரம் ஷிப்டை மாற்றலாம், இந்தக் கடிகாரம் நாளுக்கு ஏறக்குறைய ஒரு மணி நேரம்தான் நகரும். அது சி-க்குப் பழகத் தொடங்கும்போது உங்களுக்கு பி வந்துவிடும். ஆகவே முழுக்கப் பழக்கும் முயற்சியை விட்டுவிடுங்கள். சி வாரத்தில் தூக்கத்தை இரண்டாகப் பிரித்துக்கொள்வதே நடக்கிற காரியம்: காலையில் ஐந்து மணி நேரம், வேலைக்குக் கிளம்புமுன் ஒன்றரை மணி நேரம்.

உங்கள் காலை எங்கே கெடுகிறது என்று பாருங்கள். விடியற்காலை 4 மணி வாக்கில் உடம்புச் சூடு மிகக் குறைவாக இருக்கும், பிறகு ஏறிக்கொண்டே போகும். ஏறும் நேரத்தில் தூக்கம் நிற்காது. 7.45-க்குப் படுத்தால் கிடைப்பது 9.30-க்குப் படுத்தால் கிடைக்காது. ஆகவே காபியும் பேப்பரும் வேண்டாம். பையனை சி வாரத்தில் மட்டும் வேனிலோ பக்கத்து வீட்டுப் பிள்ளைகளோடோ அனுப்புங்கள். வீட்டில் இதைக் கேட்பது கஷ்டமாக இருக்கும், கேளுங்கள். குளியல், இரண்டு இட்லி, படுக்கை. வெறும் வயிற்றோடு படுத்தால் 11 மணிக்குப் பசி எழுப்பும்.

டீயின் கணக்கு இது. ஒரு கிளாஸில் 30 முதல் 50 மில்லிகிராம் கஃபீன் இருக்கும். உள்ளே போனதில் பாதி கழியவே சுமார் ஐந்து மணி நேரம் ஆகும். விடிகாலை 4.30-க்குக் கேன்டீனில் குடித்ததில் பெரும்பகுதி, நீங்கள் படுக்கும்போதும் ரத்தத்தில் ஓடிக்கொண்டிருக்கும். இரவு 10-க்கு ஒன்று, 12-க்கு ஒன்று, 1.30-க்குக் கடைசி. அதற்குப் பிறகு மோர், சுண்டல், தண்ணீர். சாப்பாட்டை 9 மணிக்கு வீட்டிலேயே முடியுங்கள். ராத்திரி 2 மணிக்குப் பரோட்டா சாப்பிட்டால் காலையில் படுத்ததும் நெஞ்சைக் கரிக்கும். கம்பெனியில் அனுமதி இருந்தால் 3 மணி வாக்கில் 20 நிமிடம் கண்ணயரலாம். அரை மணியைத் தாண்ட விடாதீர்கள். ஆழ்ந்த தூக்கத்திலிருந்து எழுந்தால் கால் மணி நேரத்துக்குப் புத்தி தெளியாது, அந்த நிலையில் வால்வைத் தொடக்கூடாது.

சி வாரத்தின் முதல் நாளில்தான் பலர் விழுகிறார்கள். காலை 6-க்கு எழுந்து பகலெல்லாம் சுற்றிவிட்டு வேலைக்குப் போனால், மறுநாள் 6-க்கு வெளியே வரும்போது 24 மணி நேரம் விழித்திருக்கிறீர்கள். 17 மணி நேரம் விழித்தாலே கையும் கண்ணும் 100 மில்லி ரத்தத்தில் 50 மில்லிகிராம் சாராயம் இருப்பவர் அளவுக்குத் தடுமாறும். நம் மோட்டார் வாகனச் சட்டத்தின் வரம்பு 30. அன்று மதியம் ஒன்றரை மணி நேரமாவது தூங்கிவிட்டுத்தான் போக வேண்டும். பைக்கை சி வாரத்தில் தொடாதீர்கள். கம்பெனி பஸ்ஸோ ரூட் பஸ்ஸோ, எதுவானாலும் உட்கார்ந்து வாருங்கள். சிப்காட்டிலிருந்து வடக்கே ஊருக்குள் வரும்போது வலது கன்னத்தில் காலை வெயில் அடிக்கும், அந்த வெளிச்சம் 'விடிந்தது' என்று கடிகாரத்துக்குச் சொல்லிவிடும். பஸ்ஸில் கறுப்புக் கண்ணாடி போடுங்கள். பைக் ஓட்டும்போது அதைப் போட்டால் கண் இன்னும் சொருகும்.

அறை. தளத்துக்குக் கீழே இருக்கும் மாடி அறை 11 மணிக்கே கொதிக்கத் தொடங்கி, சாயங்காலம் வரை சூட்டை இறக்கிக்கொண்டே இருக்கும். கீழ்வீட்டில் ஒரு மூலை கிடைத்தால் சி வாரத்தில் அங்கே படுங்கள். இல்லையென்றால் தளத்துக்கு வெள்ளை கூலிங் பெயிண்டோ இரண்டு பூச்சு சுண்ணாம்போ அடியுங்கள், வித்தியாசம் கையால் தொட்டாலே தெரியும். ஏர் கூலர் வாங்கிவிடாதீர்கள். காற்றில் ஏற்கெனவே ஈரம் மிகுந்த கடலோரத்தில் அது புழுக்கத்தைத்தான் கூட்டும். ஏ.சி. இருந்தால் 26-இல் வைத்து ஃபேனையும் ஓடவிடுங்கள். ஜன்னலுக்கு மெல்லிய திரை போதாது. கறுப்புத் துணியை இரண்டாக மடித்து, சட்டத்தின் நான்கு பக்கமும் ஒட்டினாற்போல் அடியுங்கள், பக்கத்து இடுக்கில் வரும் ஒரு கீற்று போதும் கெடுக்க. ஃபேன் இரைச்சல் நல்லது, தெருச் சத்தத்தை மூடும். ஆடி மாத ஒலிபெருக்கியை மட்டும் அதனால் மூட முடியாது. அதற்கு மெடிக்கல் ஷாப்பில் கிடைக்கும் பஞ்சு போன்ற காதடைப்பான் வேண்டும். உருட்டி மெல்லிசாக்கி, காதை மேலே இழுத்துப் பிடித்து உள்ளே விட்டு, அரை நிமிடம் விரலால் அழுத்தினால்தான் அது விரிந்து நிற்கும்.

1 மணிக்கு விழித்தால் எழுந்துவிடுங்கள். தூக்கம் வருமென்று 4 மணி வரை புரண்டால், படுக்கை என்றாலே புரள்வது என்று உடம்பு கற்றுக்கொள்ளும். ஏ வாரத்தில் உங்களுக்கு நடப்பது அதுதான். வரவில்லையென்று தோன்றியதும் எழுந்து மங்கலான வெளிச்சத்தில் உட்காருங்கள், கண் சொருகினால் மட்டும் திரும்பப் போங்கள். சுவர்க் கடிகாரத்தைக் கழற்றி ஹாலில் மாட்டுங்கள். தூக்கமின்மைக்குப் படுக்கை நேரத்தையே குறைக்கும் சிகிச்சை ஒன்று உண்டு, நன்றாக வேலை செய்யும். ஆனால் மூச்சடைப்புச் சந்தேகம் தீராமல், மீடியனில் ஏறப் பார்த்த ஒருவர் அதை முயலக் கூடாது. கடைசி சி ஷிப்ட் முடிந்த அன்று காலை 11.30-க்கு மேல் தூங்காதீர்கள். இரவு 10 மணிக்கு உடம்பு தானாகவே சாயும்.

ரத்தப் பரிசோதனை: ஹீமோகுளோபின், இரும்புச் சேமிப்புக்கு ஃபெரிட்டின், தைராய்டுக்கு டி.எஸ்.எச்., மூன்று மாதச் சர்க்கரை. இவை போதும். பி12-ஐ இப்போது பார்த்துப் பயனில்லை. ஐந்து ஊசிக்குப் பிறகு அளவு கூடுதலாகத்தான் காட்டும், குறைவாக இருந்ததா என்பது இனித் தெரியாது. ஹீமோகுளோபின் 13-க்குக் கீழே இருந்தால் இரும்பு டானிக்கோடு நிற்காதீர்கள். ஆணுக்கு ரத்தம் குறைந்தால் மூலமா, வயிற்றுப் புண்ணா, எங்கே கசிகிறது என்று தேட வேண்டும். இவை எல்லாம் சரியாக இருந்தும், இரண்டு வாரத்துக்கு மேல் எதிலும் பிடிப்பில்லாமல் விடிகாலை 3 மணிக்கே மனபாரத்தோடு விழிப்பு வந்தால் அது மனச்சோர்வாக இருக்கலாம். அரசின் மனநல உதவி எண் 14416-ஐக் கூப்பிட்டால் தமிழிலேயே பேசலாம், கட்டணமில்லை.

உடம்பா வேலையா என்று கேட்டீர்கள். வேலையின் பங்கில் ஒன்றை மாற்ற முடியும். உங்கள் கம்பெனி சி, பி, ஏ என்று பின்னோக்கிச் சுற்றுகிறது. உடம்புக் கடிகாரத்தின் ஒரு சுற்று 24 மணி நேரத்தை விடச் சற்று நீளம். அதனால் தள்ளிப் படுப்பது அதற்கு எளிது, முந்திப் படுப்பது கஷ்டம். ஏ, பி, சி என்று முன்னோக்கிச் சுற்றினால் அதே ஆட்கள், அதே மணி நேரம், கம்பெனிக்கு ஒரு பைசா செலவில்லை. நடுவில் ஆஃப் விழாத வாரத்தில் பி முடித்து 10 மணிக்கு வெளியே வந்து 6-க்கு ஏ-வுக்கு நிற்கும் கொடுமையும் ஒழியும். சங்கத்திலோ பாதுகாப்புக் குழுவிலோ எழுத்தில் கொடுங்கள். தனியாகக் கொடுக்க வேண்டாம், உங்கள் ஷிப்டில் இருக்கும் பத்துப் பேராவது கையெழுத்துப் போடட்டும். பைக்கில் கண் சொருகியவர்கள் வேறு யார் என்று கேட்டுப் பாருங்கள், அந்தத் தேதிகளையும் மனுவில் சேருங்கள். சி வாரத்தில் ஓ.டி.-க்கு, அதாவது கூடுதல் நேர வேலைக்குக் கூப்பிட்டால் மறுத்துவிடுங்கள். (கடலூரில் ஓ.டி. என்றால் பழைய நகரம். அங்கே எத்தனை முறை வேண்டுமானாலும் போகலாம்.)

வீடியோவை இந்த வாரமே எடுத்துவிடுங்கள். டாக்டரிடம் போகும்போது மாத்திரை அட்டையையும் எடுத்துப் போங்கள்.