மலையகத் தோட்டப் பாடசாலையில் உடற்கல்விக் கற்பித்தல் பயிற்சிக்கு எப்படித் தயாராவது?

இறுதி வருட மாணவர், கரப்பந்து நன்றாக ஆடுவேன், பாடம் நடத்தத்தான் பயம் என்கிறீர்கள். பயம் நியாயமானதுதான். ஆட்டம் தெரிந்தவர்கள் முதல் வாரத்தில் சறுக்குவது ஆட்டத்தில் இல்லை. பிள்ளைகளின் எண்ணிக்கையிலும் நேரத்திலும்தான். தரம் 8இல் 40 பிள்ளைகள், 40 நிமிடப் பாடவேளை என்று வைத்துக்கொள்வோம். மைதானத்துக்குப் போய்வர 6 நிமிடம், உடலைச் சூடாக்க 10, திறன் பயிற்சி 12, சிறு விளையாட்டு 8, தளர்த்தல் 4.

அந்த 12 நிமிடத்தைப் பாருங்கள். ஒரே வரிசை, ஒரே பந்து, ஆளுக்கு 10 செக்கன் என்றால் ஒரு பிள்ளைக்கு இரண்டு முறைகூட வராது. சும்மா நிற்கும் பிள்ளைதான் சேட்டை பண்ணும். ஐந்து ஐந்து பேராக எட்டுக் குழு பிரித்தால் அதே நேரத்தில் 14 முறை கிடைக்கும். எட்டுப் பந்துக்கு எங்கே போவது? பத்திரிகைத் தாளை இறுக்கிச் சுருட்டி, பழைய சைக்கிள் டியூபை வளையம் வளையமாக வெட்டி மேலே மாட்டுங்கள். எறிய, பிடிக்க இது போதும். கரப்பந்தில் கீழ்க்கை வாங்குதலுக்கு (முன்னங்கைகளில் பந்தை வாங்குவது) மட்டும் சரிவராது, துள்ளாது. அதற்கு இருக்கிற உண்மைப் பந்தைக் குழுக்களுக்குள் சுற்றவிடுங்கள்.

சூடாக்கும் 10 நிமிடத்தில் கை வைக்காதீர்கள். நுவரெலியா 1868 மீற்றர் உயரம். காலைக் குளிரில், ஈரப் புல்லில் பிள்ளைகளை உட்காரவைத்துத் தசையை இழுக்கச் சொல்வது வீண். மெல்லோட்டம், துள்ளல் என்று தொடங்குங்கள். மூச்சு வாங்கப்போவது அங்கேயே வளர்ந்த பிள்ளைகளுக்கு இல்லை, கீழேயிருந்து போகும் உங்களுக்குத்தான்.

தோட்டத்து மைதானம் பெரும்பாலும் மலையை வெட்டி நிரப்பியது. ஒரு பக்கம் மண்மேடு, மறுபக்கம் பள்ளமும் தேயிலையும். குண்டு போடுதல் எப்போதும் மேட்டைப் பார்த்து. எல்லாரும் போட்டு முடித்து நீங்கள் விசில் அடித்த பிறகுதான் எடுக்கப் போகவேண்டும்.

‘இதெல்லாம் விரிவுரையில் சொல்கிறார்களே’ என்று யாராவது வருவார்கள். சொல்கிறார்கள், 400 மீற்றர் மைதானத்தை மனதில் வைத்து. இன்னொன்று, கேட்காவிட்டாலும் சொல்கிறேன்: பாடசாலையில் வருடம் முழுக்க உடற்கல்விப் பாடவேளையைக் கணக்குப் பாடத்துக்குக் கடன் கொடுத்துவிட்டு, இல்ல விளையாட்டுப் போட்டி வந்ததும் ‘சேர், கோடு போட்டுத் தாங்க’ என்று வந்து நிற்பார்கள். அந்தக் கோட்டையாவது சரியாகப் போடுங்கள்.

சிறிய இடத்தில் 200 மீற்றர் ஓடுபாதை, நான்கு தடம்: நேர்ப்பகுதி 40 மீற்றர் வீதம் இரண்டு. மீதி 120 மீற்றரும் இரண்டு வளைவு, ஆகவே ஓடும் ஆரை 19.10 மீற்றர். உள்விளிம்பில் உயர்த்திய கட்டு இல்லாமல் வெறும் சுண்ணாம்புக் கோடு என்றால், ஓட்டம் கோட்டிலிருந்து 20 சென்ரிமீற்றர் தள்ளி அளக்கப்படும். அதனால் கோட்டை 18.90 ஆரையில் போடவேண்டும். தடத்தின் அகலம் 1.22. மொத்தமாக ஏறத்தாழ 88க்கு 48 மீற்றர் இடம் பிடிக்கும். மூலைகளைச் செங்கோணமாக்க 6, 8, 10 மீற்றர் முக்கோணம்.

அதிகம் பிழைப்பது தொடக்கக் கோட்டில். வெளித் தடத்தில் சுற்று நீளம் என்பதால், ஒரு முழுச் சுற்றுக்கு இரண்டாம் தடத்தின் தொடக்கக் கோட்டை 7.04 மீற்றர் முன்னே தள்ளச் சொல்லும் புத்தகக் கணக்கு, கட்டு உள்ள ஓடுபாதைக்கானது. அங்கே முதல் தடத்தைக் கட்டிலிருந்து 30 சென்ரிமீற்றர் தள்ளி அளப்பார்கள். சுண்ணாம்புக் கோட்டுக்கு 7.67 வரவேண்டும், மூன்றாம் தடத்துக்கு அதன் இரு மடங்கு. புத்தகக் கணக்கையே போட்டால் முதல் தடத்துப் பிள்ளையைவிட மற்ற எல்லாரும் 63 சென்ரிமீற்றர் கூடுதலாக ஓடுவார்கள். வளைவு பெரிதோ சிறிதோ, இந்த எண்கள் மாறாது.

வளைவு போட நைலோன் கயிறு வேண்டாம், பனியில் நனைந்தால் இழுபடும். மெல்லிய கம்பி எடுங்கள். போட்டு முடித்ததும் உள்கோட்டின் ஒரு வளைவை டேப்பால் அளந்து பாருங்கள்: 59.38 மீற்றர் வரவேண்டும். வராவிட்டால் கம்பியைக் கட்டிய நடுமுளை அசைந்திருக்கும். அதை இறுக்கி அடித்து அந்த வளைவை மட்டும் திரும்பப் போட்டால் போதும்.