நாமே நிறுவிய பேக்கேஜ் எது, தானாக வந்தது எது என்று லினக்ஸுக்கு எப்படித் தெரிகிறது?

கேள்வி இதுதான்: டெபியன், உபுண்டு கணினிகளில் நான் கேட்டு நிறுவியதையும் அதோடு சேர்ந்து வந்ததையும் கணினி எப்படிப் பிரித்துப் பார்க்கிறது? தேவையற்றுப்போன பேக்கேஜ்களை (மென்பொருள் தொகுப்புகளை) நீக்கும் ஆட்டோரிமூவ் கட்டளையை நம்பி ஓட்டலாமா?

நம்பலாம். ஆனால் அது எதை வைத்து முடிவெடுக்கிறது என்று தெரிந்துகொண்டு ஓட்டுங்கள்.

பேக்கேஜைப் பிரித்து உரிய இடங்களில் வைப்பது டிபிகேஜி என்ற அடிப்படைக் கருவியின் வேலை. எது தானாக வந்தது என்ற கணக்கை அது வைத்துக்கொள்வதில்லை. அந்தக் கணக்கு அதற்கு மேலே உட்கார்ந்து, சார்ந்த பேக்கேஜ்களையும் சேர்த்துக் கொண்டுவரும் ஏபிடியிடம், எக்ஸ்டெண்டட் ஸ்டேட்ஸ் என்ற சாதாரண எழுத்துக் கோப்பில் இருக்கிறது. திறந்து பாருங்கள்: பேக்கேஜின் பெயர், எந்த ஆர்க்கிடெக்சர் (செயலி வகை), அப்புறம் 'ஆட்டோ-இன்ஸ்டால்டு: 1'. அவ்வளவுதான். இந்தக் குறி இல்லாத எல்லாமே மேனுவல், அதாவது நீங்களே கேட்டு நிறுவியதாகக் கணக்கு.

நிறையப் பேருக்கு வரும் குழப்பம் இங்கேதான் தொடங்குகிறது. 'ஏபிடி-மார்க் ஷோமேனுவல்' என்று கொடுத்தால், வாழ்நாளில் நீங்கள் தட்டச்சே செய்யாத பெயர்களெல்லாம் வரும். இயங்குதளத்தை நிறுவும்போதே குறியில்லாமல் உள்ளே வந்தவை அவை. டெப் கோப்பை (டெபியன் பேக்கேஜ் கோப்பை) டிபிகேஜி வழியாக நேரடியாகப் போட்டாலும் அதே கதை. தானாக வந்து ஏற்கெனவே இருக்கும் ஒரு நூலகத்தின் (மற்ற மென்பொருள்கள் பயன்படுத்தும் நிரல் தொகுப்பின்) பெயரைச் சொல்லி 'ஏபிடி இன்ஸ்டால்' கொடுத்தாலும் அது மேனுவலாக மாறிவிடும். எந்த நாளில் என்ன கட்டளை கொடுத்தீர்கள் என்பதுதான் வேண்டுமென்றால் ஏபிடியின் ஹிஸ்டரி லாகைப் பாருங்கள். மேனுவல் என்ற நிலை சொல்வது ஒன்றே ஒன்று: இதை யாரும் சார்ந்திராவிட்டாலும் வைத்துக்கொள்.

ஆட்டோரிமூவ் மேனுவல் பேக்கேஜ்களிலிருந்துதான் புறப்படுகிறது. அவை எதைச் சார்ந்திருக்கின்றன, அது எதைச் சார்ந்திருக்கிறது என்று சங்கிலியாகப் பிடித்துக்கொண்டே போகிறது. கடைசி வரை கை எட்டாத ஆட்டோ பேக்கேஜ்கள்தான் நீக்கப் பட்டியலுக்குப் போகின்றன. இதில் ஏபிடி ரொம்பவே நிதானமானது. கட்டாயச் சார்பு மட்டுமில்லை, வேறொரு பேக்கேஜ் வெறுமனே 'சஜஸ்ட்ஸ்' (இருந்தால் நல்லது) என்று குறிப்பிட்டிருந்தாலும், இயல்பான அமைப்பில் அதை விட்டுவைக்கும். இப்போது ஓடிக்கொண்டிருக்கும் கெர்னலையும் (இயங்குதளத்தின் மையப் பகுதியையும்) தொடாது.

அப்படியானால் ஆபத்து எங்கே? ஏபிடிக்குத் தெரியாத சார்புகளில். மூல நிரலிலிருந்து நீங்களே கம்பைல் செய்த மென்பொருள், தினமும் ஓடும் ஒரு சின்ன ஸ்கிரிப்ட், இவை எந்த நூலகத்தை நம்பி நிற்கின்றன என்பது எந்தப் பேக்கேஜ் பட்டியலிலும் இல்லை. வேறெதற்காகவோ வந்த கர்ல் (இணையத்திலிருந்து தரவை இறக்கும் கருவி) உங்கள் ஸ்கிரிப்டுக்கு உயிர்நாடியாக இருக்கலாம். அதைக் கொண்டுவந்த பேக்கேஜை நீக்கியதும் கர்லும் பட்டியலில் வந்து நிற்கும். உங்களுக்கு நேரடியாகத் தேவையானதை, ஏற்கெனவே கணினியில் இருந்தாலும், 'ஏபிடி-மார்க் மேனுவல்' என்று குறித்து வைத்துவிடுங்கள். என் கணிப்பில் இந்த ஒரு பழக்கமே பாதித் தொல்லையைத் தவிர்த்துவிடும்.

எதிர்த்திசையிலும் சுத்தம் செய்யலாம். தேவையில்லாமல் மேனுவலாக நிற்கும் நூலகங்களை 'ஏபிடி-மார்க் ஆட்டோ' என்று மாற்றுங்கள். புதிய ஏபிடியில் 'மினிமைஸ்-மேனுவல்' என்ற கட்டளையும் உண்டு. மெட்டாபேக்கேஜ்களின் (மற்ற பேக்கேஜ்களை இழுத்துவருவதற்காகவே இருப்பவற்றின்) சார்புகளையெல்லாம் அது ஒரே வீச்சில் ஆட்டோவாக்கும்.

மற்ற லினக்ஸ் வகைகளிலும் அடிப்படை இதுதான். ஆர்ச்சின் பேக்கேஜ் கருவியான பேக்மேன் ஒவ்வொரு பேக்கேஜோடும் நிறுவிய காரணத்தைப் பதிந்து வைக்கிறது. ஜென்டூவும் ஆல்பைனும் நேர் எதிராகச் செய்கின்றன: நீங்கள் கேட்டவற்றை மட்டும் 'வேர்ல்ட்' என்ற கோப்பில் எழுதி வைக்கின்றன, அதில் இல்லாதவையெல்லாம் சார்பாக வந்தவை. எனக்கு இந்த முறைதான் பிடித்திருக்கிறது. புதுக் கணினிக்கு மாறும்போது அந்தச் சின்னக் கோப்பைப் பார்த்தாலே என்னென்ன வேண்டும் என்று தெரிந்துவிடும்.

சரி, ஆட்டோரிமூவுக்கு வருவோம். முதலில் 'சிமுலேட்' விருப்பத்தோடு ஓட்டுங்கள், எதையும் நீக்காமல் பட்டியலை மட்டும் காட்டும். அதில் ஏதாவது ஒரு பெயர் உறுத்தினால் ஆப்டிட்யூட் என்ற இன்னொரு பேக்கேஜ் கருவியிடம் 'ஆப்டிட்யூட் வொய்' என்று அந்தப் பெயரோடு கேளுங்கள். இன்னும் ஏதாவது அதைச் சார்ந்திருந்தால் அந்தச் சங்கிலியைக் காட்டும். வேண்டுமென்று தோன்றினால் மேனுவலாக்குங்கள், அப்புறம் நிஜமாக ஓட்டுங்கள்.