அயர்லாந்தில் கேலிக் கால்பந்து ஜூனியர் சாம்பியன்ஷிப் என்றால் சிறுவர்கள் ஆட்டமா? நேரில் போய்ப் பார்க்கும் அளவுக்கு இருக்குமா?

சிறுவர்கள் ஆட்டம் இல்லை சாமி! டப்ளின் நண்பர்களிடம் இதைச் சொல்லிச் சொல்லியே எனக்கு அலுத்துவிட்டது. நீங்களும் வேலைக்காகக் கெர்ரி கவுன்டிப் பக்கம் (கவுன்டி என்றால் நம் மாவட்டம் மாதிரி) வந்தவர் என்றே வைத்துக்கொள்கிறேன்.

சீனியர், இன்டர்மீடியட், ஜூனியர் எல்லாம் கிளப்பின் தரம். ஆடுபவரின் வயது அல்ல. கையாலும் காலாலும் ஆடும் இந்த ஐரிஷ் ஆட்டத்தில் அவரவர் ஊர் கிளப்புக்கே ஆடுவார்கள். சம்பளம் கிடையாது. 2022இல் கெர்ரி கவுன்டி அணியோடு அகில அயர்லாந்துப் பட்டம் வென்ற டேவிட் கிளிஃபர்டின் ஊர், கில்லார்னியை ஒட்டிய ஃபோசா. சின்ன கிளப், அதனால் அவரும் ஜூனியர்தான் ஆடினார். கெர்ரியில் ஜெயித்து, கெர்ரி இருக்கும் மன்ஸ்டர் மாகாணத்தில் ஜெயித்து, 2023 ஜனவரியில் டப்ளின் குரோக் பார்க் மைதானத்தில் அகில அயர்லாந்து ஜூனியர் கோப்பையையும் எடுத்தார்கள். அந்த இறுதி ஆட்டத்தில் அவருக்கும் அண்ணனுக்கும் சிவப்பு அட்டை. சிறுவர் ஆட்டமாம்!

எங்கள் வீட்டு பாய்லரைப் பார்க்க ஒரு திங்கட்கிழமை வந்த பிளம்பருக்கு இடது கண் வீங்கி மூடியிருந்தது. முந்தின நாள் கவுன்டி ஜூனியர் அரையிறுதி. அவர் கார்னர் பேக், அதாவது தடுப்பாட்டக்காரர். ஸ்பேனரைத் திருகிக்கொண்டே, கடைசி நிமிடத்தில் நடுவர் தராமல் விட்ட ஃப்ரீ கிக்கைப் பற்றி அரை மணி நேரம் பேசினார். தோற்றுப்போன ஆட்டம் அது. பாய்லரைப் பற்றி ஒரே வார்த்தை: "வால்வு." மறுவருடம் அவர் அணி ஆடிய எல்லா ஆட்டத்துக்கும் போனேன். "ஊரோடு ஒட்டிக்கொள்ள நடிக்கிறாய்" என்று சிலர் சொல்வார்கள். சொல்லட்டும். ஜனவரி மழையில் கம்பிவேலியைப் பிடித்தபடி ஒன்றரை மணி நேரம் நடித்துப் பாருங்கள், தெரியும்.

போவதுதான் பாடு. ஞாயிற்றுக்கிழமை கிராமத்துக்கு பஸ் ஏது? இந்திய லைசென்ஸை இங்கே மாற்றித் தரமாட்டார்கள். ஊரில் லாரி வரை ஓட்டியவனும் எல் போர்டு மாட்டி, டெஸ்டுக்கு மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும். இன்சூரன்ஸ் தொகையைக் கேட்டால் அந்தப் பணத்துக்கு ஊரில் ஒரு பழைய காரே வாங்கிவிடலாம் என்று தோன்றும். சரி, அது வேறு கதை.

ஸ்கோர் போர்டில் 1-10 என்றால் ஒரு கோல், பத்துப் புள்ளி; ஒரு கோலுக்கு மூன்று புள்ளி, ஆக மொத்தம் பதின்மூன்று. பந்தைக் கோலின் குறுக்குக் கம்பிக்கு மேலே அனுப்பினால் ஒரு புள்ளி. 2025 முதல் நாற்பது மீட்டர் வளைவுக்கு வெளியிலிருந்து அப்படி மேலே உதைத்தால் இரண்டு. டிக்கெட்டை முதல் நாளே ஆன்லைனில் எடுத்துவிடுங்கள். குடை வேண்டாம், பின்னால் நிற்பவர் திட்டுவார்.