போனில் மோர்ஸ் தட்டுவது: கேள்வி பதில்

கே: ஆண்ட்ராய்டு போனில் மோர்ஸில் மெசேஜ் அனுப்ப எந்த ஆப் நல்லது சார்?

ப: மோர்ஸ் என்பது ஒவ்வொரு எழுத்தையும் குட்டை ஒலி, நீள ஒலிகளால் குறிக்கும் பழைய தந்தி முறை. அதற்குத் தனி ஆப் வேண்டாம். கூகுளின் விசைப்பலகையான ஜிபோர்டிலேயே 2018 முதல் இருக்கிறது. அமைப்புகளில் மொழிகளுக்குள் போய் அமெரிக்க ஆங்கிலத்தைத் தொட்டு, விசைப்பலகை வகைகளைத் தள்ளிக்கொண்டே போனால் மோர்ஸ் வரும். இரண்டே பெரிய பொத்தான்கள்: டிட் (குட்டை), டா (நீளம்). தட்டிவிட்டுக் கொஞ்சம் நிறுத்தினால் எழுத்து விழும். தயவுசெய்து அட்டவணையை எதிரே ஒட்டிவைத்துப் பழகாதீர்கள். காதால் பழகுங்கள்.

கே: பழைய நோக்கியாவில் மெசேஜ் வந்தால் கேட்குமே, அது மோர்ஸா?

ப: ஆமாம். மூன்று டிட், இரண்டு டா, மூன்று டிட். எஸ், எம், எஸ்.

கே: சாதாரணமாக டைப் செய்வதைவிட இது வேகமா?

ப: 2005இல் ஜே லெனோவின் அமெரிக்க டிவி நிகழ்ச்சியில் மோர்ஸ்காரர்கள் ஜெயித்ததை வைத்துத்தான் எல்லாரும் கேட்கிறீர்கள். எதிரே இருந்தவர்கள் எண் பொத்தான் போனில் தட்டினார்கள். மோர்ஸ்காரர்கள் கையில் இருந்தது தந்திக் கருவி, போன் இல்லை. இன்றைய தொடுதிரையில் கை நன்றாக ஓடுபவருக்கு மோர்ஸ் மெதுவாகத்தான் இருக்கும்.

கே: அப்பாவுக்குப் பக்கவாதம். பேச்சு வரவில்லை, ஒரு விரல் மட்டும் அசைகிறது. இது உதவுமா அண்ணா?

ப: இந்த வசதி வந்ததே இப்படிப்பட்டவர்களுக்காகத்தான் தம்பி. பெருமூளை வாதத்தோடு வாழும் டானியா ஃபின்லேசன் என்ற பெண்மணி, தலைக்கு அருகே பொருத்திய சுவிட்சுகளைத் தட்டி மோர்ஸில் பேசுபவர். கூகுள் அவரோடு சேர்ந்துதான் இதை உருவாக்கியது. முப்பது சின்னக் கட்டங்களில் ஒன்றைக் குறிபார்த்துத் தொட முடியாத விரலால் இரண்டு பெரிய பொத்தான்களைத் தொட முடியும். விரல் தடுமாறினால் காத்திருக்கும் நேரத்தை அமைப்புகளில் கூட்டி வையுங்கள். வெளி சுவிட்சும் இணைக்கலாம். எந்த சுவிட்ச், எங்கே பொருத்துவது என்பதை ஆக்குபேஷனல் தெரபிஸ்ட் நேரில் பார்த்துச் சொல்லட்டும். அதற்கும் முன்னால் டாக்டரிடம் ஒன்று கேளுங்கள்: நாக்கு மட்டும் வரவில்லையா, சொல்லே நினைவுக்கு வரவில்லையா? இரண்டாவது என்றால் மோர்ஸ் கைகொடுக்காது.

கே: அப்பாவுக்குத் தமிழ்தான் தெரியும்.

ப: தமிழுக்கென்று எல்லாரும் ஏற்ற மோர்ஸ் முறை இல்லை. ஆங்கில எழுத்தில்தான் தட்ட வேண்டும்.

கே: அதனால் என்ன சார்? எல்லாரும் அப்படித்தானே சாட் செய்கிறோம்?

ப: நமக்குக் கை இருக்கிறது. ழ என்று எழுத இசட், எச் இரண்டும் வேண்டும். இசட்டுக்கு நாலு தட்டு, எச்சுக்கு நாலு. ஒரு எழுத்துக்கு எட்டு! வாழைப்பழம் கேட்க, ழ-வுக்கு மட்டும் பதினாறு. ஒரு விரலால் தட்டுபவரிடம் அதைக் கேட்பது நியாயமா? தமிழுக்கே தனி மோர்ஸ் குறிகள் வேண்டும்.

கே: 247 எழுத்துக்குக் குறிக்கு எங்கே போவது?

ப: 247 எதற்கு? நாலு தட்டுக்குள் அமையும் குறிகள் முப்பது. உயிர் 12, மெய் 18, கணக்கு முடிந்தது. தமிழ்99 என்ற கணினி விசைப்பலகை முறை போல க-வை அடுத்து ஆ தட்டினால் கா, க-வை இரண்டு முறை தட்டினால் க்க. ஜப்பானியரும் தங்கள் மோர்ஸில் ஒலியை மாற்றும் குறியைத் தனியாகத்தான் அனுப்புகிறார்கள்.

கே: ஆய்தம் விடுபடுகிறதே. யாருக்கு வேண்டும், தள்ளிவிடலாமா?

ப: கூடவே கூடாது. தமிழ்99இல் மெய்க்குப் புள்ளி வைப்பது ஆய்த விசைதான். சொல்லுக்குச் சொல் தேவைப்படும். அதற்குச் சின்னக் குறி கொடுத்துவிட்டு, ஔ-வை ஐந்து தட்டுக்குத் தள்ளுங்கள். ஜ, ஷ, ஸ, ஹ-வும் அங்கேயே போகட்டும்.

கே: ஔ-வை ஐந்து தட்டுக்குத் தள்ளுவதா? உயிரெழுத்து ஐயா அது!

ப: ஆங்கிலத்தில் அதிகம் வரும் ‘இ’ (E) எழுத்துக்கு ஒரே டிட், அரிதான ‘க்யூ’-வுக்கு (Q) நாலு தட்டு. தட்டுபவரின் களைப்புதான் அளவுகோல், எழுத்தின் மரியாதை இல்லை.

கே: எந்த ஆப் சார்?

ப: முதல் பதில்.

கே: டைப்பிங்கைவிட வேகமா?

ப: மேலே இருக்கிறது. படித்துவிட்டுக் கேளுங்கள்.

கே: அட்டவணை படம் அனுப்புவீர்களா?

ப: மாட்டேன். ஒலியாகக் கேட்டுப் பழகுங்கள்.

கே: அப்படியானால் தமிழில் ஒரே டிட் எதற்கு? அ-வுக்கா?

ப: அ-வுக்கு வேண்டாம். தமிழ்99 வழியில் க என்றாலே அ உள்ளே இருக்கிறது, தனியாகத் தட்டும் தேவை குறைவு. உ, க, த மூன்றில் ஒன்று என்பது என் ஊகம். எண்ணிப் பார்க்காமல் முடிவு செய்யக் கூடாது. நிரல் எழுதத் தெரிந்தவர்கள் எண்ணித் தாருங்கள். செய்தித்தாளை எண்ணாதீர்கள். ‘தண்ணி வேணும்’, ‘ஃபேன் போடு’ என்று வீட்டில் அனுப்பும் மெசேஜ்களை எண்ணுங்கள்.