நிகர விசை பூஜ்ஜியம் என்றால் ரயில் எப்படி ஓடுகிறது?

ஓடிக்கொண்டே இருக்க நிகர விசை (எல்லா விசைகளையும் திசையோடு சேர்த்துக் கூட்டினால் மிஞ்சுவது) தேவையில்லை, வேகமோ திசையோ மாறத்தான் தேவை. உதாரணமாக, தாம்பரம் மின்சார ரயில் ஒரே வேகத்தில் நேராகப் போகும்போது மோட்டாரின் இழுப்பும் காற்று, தண்டவாளத்தின் எதிர்ப்பும் சமமாகிவிடுகின்றன, அதனால் வேகம் கூடாமல் குறையாமல் அப்படியே இருக்கிறது.

குழப்பம் அநேகமாக உராய்வால் வருவது. பீரோவைத் தள்ளுவதை விட்டதும் நின்றுவிடுகிறதே என்று தோன்றும். அதை நிறுத்துவது தரையின் உராய்வு விசை.

நாளைக்கு ரயிலில் தொங்கும் கைப்பிடிகளைக் கவனியுங்கள். கிண்டியில் கிளம்பும்போது பின்னால் சாயும், பிரேக் போட்டால் முன்னால், சீராக ஓடும்போது நேராகத் தொங்கும். எனக்கே அப்படித்தான் பிடிபட்டது.

வளைவில் மட்டும் பார்க்காதீர்கள், அங்கே வேகம் மாறாவிட்டாலும் திசை மாறுவதால் நிகர விசை உண்டு.