லத்தீன் எந்த நாளில் இறந்தது?

அன்புள்ள ஐயா,

நீங்கள் 'சீசர்' என்று எழுதியதைப் பார்த்த என் நண்பர், 'கைசர் என்பதுதான் சரி' என்கிறார். தேவாலயத்தில் லத்தீன் பாடுகிறவர்களோ அந்தப் பெயரின் முதல் எழுத்தான C-யைச் 'ச' என்கிறார்கள். செத்துப்போன மொழிக்கு எது சரியான உச்சரிப்பு என்று யார் தீர்ப்பது?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் நண்பர் சொல்வது சரி. சீசர் காலத்து ரோமில் அவர் பெயர் கைசர்தான். அதே காலத்துப் பேச்சாளர் சிசரோவின் பெயர் கிக்கெரோ. ஒலிப்பதிவு இல்லாவிட்டாலும் சாட்சிகள் இருக்கின்றன. கிரேக்கர்கள் இந்தப் பெயர்களைத் தங்கள் எழுத்தில் எழுதியபோது 'க' ஒலிக்கான காப்பாவைத்தான் போட்டார்கள். ஜெர்மானியர்கள் அந்தப் பெயரையே பேரரசருக்கான சொல்லாக எடுத்துக்கொண்டார்கள்: கைசர். எனக்கு மிகவும் பிடித்த சாட்சி இத்தாலியின் சார்டினியா தீவு. நூறுக்கு லத்தீனில் கென்ட்டும். இத்தாலியனில் அது 'சென்ட்டோ' ஆகிவிட்டது. சார்டினியாவின் நடுப்பகுதி ஊர்களில் இன்றும் 'கென்ட்டு' என்றுதான் எண்ணுகிறார்கள்.

தேவாலய உச்சரிப்பைப் பிழை என்று சொல்ல மாட்டேன். அது பிற்கால இத்தாலிய நாக்கில் பழகிய லத்தீன், அவ்வளவுதான்.

அப்புறம், செத்த மொழி என்கிறீர்களே. லத்தீனின் மகள் மொழிகளில் ஒன்று டால்மேஷியன். ஏட்ரியாட்டிக் கடலின் கிர்க் தீவில் அதைக் கடைசியாக அறிந்திருந்த துவோனே உதைனா 1898இல் இறந்தார். அந்த மொழிக்கு இறந்த நாள் உண்டு. லத்தீனுக்கு அப்படியொரு நாளே கிடையாது. 'இன்றிலிருந்து பிரெஞ்சு' என்று முடிவெடுத்து எந்தத் தாயும் பிள்ளையிடம் பேசவில்லை. தலைமுறை தலைமுறையாகப் பேச்சு மாறிக்கொண்டே வந்தது, எழுத்து மட்டும் நின்ற இடத்தில் நின்றது. 813இல் இன்றைய பிரான்சின் தூர் நகரில் கூடிய ஆயர்கள், மக்களுக்குப் புரியும்படி நாட்டுப்புற ரோமானியப் பேச்சில் பிரசங்கம் செய்யச் சொன்னபோது, இடைவெளி அவ்வளவு பெரிதாகியிருந்தது.

போப் பதினாறாம் பெனடிக்ட் 2013இல் தன் பதவி விலகலை லத்தீனில்தான் அறிவித்தார். அதைக் காட்டி லத்தீன் உயிரோடிருக்கிறது என்று நான் வாதாட மாட்டேன். அந்த மொழியில் தாலாட்டுக் கேட்டு வளர்ந்தவர் அங்கே யாரும் இல்லை. உயிர் வேறெங்கோ இருக்கிறது.

பெயர் தெரியாத ஒரு பழங்கால ஆசிரியர், மக்கள் பேச்சில் கேட்ட 'பிழை'களைப் பட்டியல் போட்டு வைத்திருக்கிறார். காதை 'அவுரிஸ்' என்று சொல், 'ஒரிக்லா' என்று சொல்லாதே என்கிறது அதில் ஒரு வரி. அவர் சொன்னதை யாரும் கேட்கவில்லை. அந்த ஒரிக்லாதான் இன்று பிரான்சில் 'ஒரேய்', இத்தாலியில் 'ஒரெக்கியோ', ஸ்பெயினில் 'ஒரேஹா'.